புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

ஹவில்தாரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், பேத்தியைக் கூட்டிக்கொண்டு குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்குப் போய் மதராஸ் ரெஜிமென்ட் மியூசியம் பார்த்து வந்த கதையை நாலு வரி எழுதியிருந்தேன். பென்ஷன், கேண்டீன் கார்டு, பிள்ளைகளின் ஆர்மி ரேலி என்று வழக்கமாக வரும் கேள்விகள் இந்த மாதம் ஓரமாக ஒதுங்கிவிட்டன. வந்த கடிதங்களில் முக்கால்வாசி மியூசியம் பற்றியே. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் மதராஸ் என்ஜினீயர் குரூப்பில், அதாவது பாலம் கட்டுவது, தடை உடைப்பது மாதிரி வேலை பார்க்கும் ராணுவப் பிரிவில், 24 வருஷம் வேலை பார்த்து ஹவில்தாராக வெளியே வந்தவன். இப்போது ஏற்காடு அடிவாரத்தில் வீடு. சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. தூக்கிச் சுமந்த சாமான்களைப் பற்றிக் கேட்டால் சொல்வேன்.

*

சேலத்திலிருந்து பிள்ளைகளோடு போய்வர எந்த ராணுவ மியூசியம் நல்லது? அரைப் பரீட்சை லீவுக்குத் திட்டம் போடுகிறோம்.
வாசகி ஒருவர், ஓமலூர்

பக்கத்திலேயே இருந்திருந்தால் நானே தினமும் போய்ப் படியில் உட்கார்ந்திருப்பேன் அம்மா. வண்டி ஏறத்தான் வேண்டும். மூன்று திசை சொல்கிறேன்.

மேற்கே போனால் வெலிங்டன். அவினாசி, மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏற வேண்டும். மதராஸ் ரெஜிமென்டின் தலைமை இடம் அது. 1758-ல் தொடங்கியது என்று கணக்கு வைத்திருக்கும் ரெஜிமென்ட். இந்தியத் தரைப்படையின் காலாட்படைகளில் இதுதான் மூத்தது. அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர்ப் படையின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் பட்டாலியன் இந்த ரெஜிமென்டில்தான் இருக்கிறது. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற போர்முழக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். வடக்கே இருந்து வந்த ஆபீசர்களும் அதைத் தமிழில்தான் கத்த வேண்டும். ஆனால் ஒன்று: அது ராணுவப் பகுதி. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக உள்ளே நடந்துவிட முடியாது. முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்குங்கள், எல்லோருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். சொந்தத்தில் முன்னாள் படைவீரர் யாராவது இருந்தால் அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள்.

வடக்கே பெங்களூர். அல்சூர் ஏரி ஓரத்தில் எங்கள் மதராஸ் என்ஜினீயர் குரூப். 1780-ல் ஆரம்பித்தது. அங்கேயும் அனுமதி வேண்டும். அது எனக்குத் தாய்வீடு மாதிரி, அதனால் அதைப் பற்றி நான் புகழ்ந்து சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

கிழக்கே சென்னை, ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் கோட்டை அருங்காட்சியகம். தொல்லியல் துறை நடத்துவது. டிக்கெட் எடுத்தால் போதும், அனுமதிக் கடிதம் எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை மறந்துவிட்டு சேலத்திலிருந்து ராத்திரி ரயில் பிடித்து வெள்ளிக்கிழமை காலையில் பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பியவன் நான். வாள், பீரங்கி, சீருடை, பழைய கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பதக்கம் எல்லாம் இருக்கின்றன. நான் அதிக நேரம் நின்றது 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றின மூவர்ணக் கொடி முன்னால்.

முதல் தடவை என்றால் பிள்ளைகளைச் சென்னைக்கே கூட்டிப்போங்கள். பிடித்துவிட்டது என்றால் அடுத்த லீவுக்கு மலை இருக்கிறது.

*

மதராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் யானை இருப்பது தென்னாட்டில் யானை அதிகம் என்பதாலா?
கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

இல்லை தம்பி. 1803 செப்டம்பர் 23, இன்றைய மகாராஷ்டிரத்தில் அசாயே என்ற ஊர். மராத்தியப் படையோடு நடந்த சண்டையில் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள் நின்று பிடித்ததற்காகக் கொடுத்த சின்னம் அது. எதிரே நின்றதும் இந்தியப் படைதான் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

என் பையனுக்கு ஒன்பது வயது. எந்த மியூசியத்துக்குப் போனாலும் பத்து நிமிஷத்தில் "போலாம்பா" என்கிறான். பீரங்கியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே ஓடுகிறான். எப்படிப் பழக்குவது?
வாசகர், ஆத்தூர்

அவனைக் குறை சொல்ல மாட்டேன். பீரங்கியைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். குழாய், சக்கரம், துவாரம், அவ்வளவுதான். அதில் பெரியவர்களுக்கும் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, நாம்தான் கௌரவத்துக்காக நிற்கிறோம்.

என் பேத்தியிடம் நான் ஆடுகிற விளையாட்டைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் ஒரே ஒரு கேள்வி: "இதில் எந்தச் சாமானை ஒருத்தன் கையாலேயே ரிப்பேர் பண்ணியிருக்கான், கண்டுபிடி." உடனே கண் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்விடும். இடுப்பு வாரில் கூடுதலாகக் குத்தின ஓட்டை, வேறு நிற நூலால் தைத்த பொத்தான், பிடி உடைந்து கம்பி சுற்றின கத்தி என்று ஒவ்வொன்றாக அகப்படும். போன வருஷம் ஒரு மியூசியத்தில் அவள் ஒரு மெஸ் டின்னைப் பிடித்தாள். மெஸ் டின் என்றால் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற இரண்டு தகரப் பாத்திரம், மடக்குகிற கைப்பிடி. பெரியதில் சோறு பருப்பு, சின்னதில் டீ. அவசரமானால் எல்லாமே ஒன்றில்தான். டீயில் பருப்பு வாசம் அடிக்கும், குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த டின்னின் அடியில் ஆணியால் கீறி ஏதோ எழுதியிருந்தது. பேத்தி தரையில் மண்டியிட்டு, தலையைச் சாய்த்துப் படித்தாள். "தாத்தா, தமிழ்ல 'மு' போட்டிருக்கு!" என்றாள். ஒரே ஒரு எழுத்து. லங்கரில், அதாவது எங்கள் சமையற்கட்டில், எல்லா டின்னும் ஒரே மாதிரி இருக்கும், மாறிப் போகாமல் இருக்க அவனவன் அடையாளம் போட்டுக்கொள்வான். என் டின்னிலும் உண்டு. மியூசியத்தில் ஒட்டியிருந்த அட்டையில் 'உணவுப் பாத்திரம், இரண்டாம் உலகப்போர்' என்று மட்டும் இருந்தது. முருகனோ முனுசாமியோ, அவனைப் பற்றி அட்டைக்குத் தெரியாது.

அட்டையை நம்பி மட்டும் பார்க்காதீர்கள் என்பதற்கு இன்னொன்று. வேறு ஒரு இடத்தில் 'பாலத்தின் இரும்புச் சட்டம்' என்று எழுதி ஒரு பெய்லி பாலத்துப் பேனலைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பெய்லி பாலம் என்றால் இந்த மாதிரி பேனல்களைக் கையால் தூக்கி ஒன்றோடு ஒன்று மாட்டிக் கட்டுகிற பட்டாளத்துப் பாலம். 10 அடி நீளம், 5 அடி உயரம், கிட்டத்தட்ட 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்துதான் தூக்குவோம். அந்த ஆறு பேரில் ஒருத்தன் கால் தடுமாறினால் மற்ற ஐந்து பேரின் தோளும் போச்சு. என் வலது தோளில் இன்னும் ஒரு மேடு இருக்கிறது. பேத்தியை அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அப்புறம் பேனலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொடக்கூடாது என்று காவலாளி சத்தம் போட்டார். அவர் சொன்னது சரிதான்.

*

என் அப்பாரு பர்மா சண்டைக்குப் போய் வந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் நட்சத்திரம் மாதிரி ஒரு பதக்கம், ரிப்பன் கிழிந்து இருக்கிறது. இரண்டு வட்டப் பதக்கங்கள், ஒரு டிஸ்சார்ஜ் காகிதம், ஒரு போட்டோ. மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாமா? அதற்கு முன் பதக்கத்தைப் பளபளப்பாக்கி ஃபிரேம் போட வேண்டுமா?
வாசகி, இடைப்பாடி

தாயி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. பளபளப்பாக்காதீர்கள்!

ஏன் என்று என் வீட்டுக் கதையிலிருந்து சொல்கிறேன். என் அப்பாவும் பர்மா போய் வந்த சாப்பர்தான், அதாவது எங்கள் என்ஜினீயர் படைச் சிப்பாய். ஆயுத பூஜை வந்தால் எங்கள் அம்மா குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளத்தோடு அப்பாவின் நட்சத்திரத்தையும் திண்ணையில் வைத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். பொன் மாதிரி மின்னும். அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிடுவோம். முப்பது ஆயுத பூஜை தாங்கினது அந்த நட்சத்திரம். அப்பா போனபிறகு அவருடைய சர்வீஸ் விவரம் தேடி ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். "படை எண் இல்லாமல் தேட முடியாது" என்று ஒரு வரியில் பதில். எண் எங்கே இருந்தது தெரியுமா? நட்சத்திரத்தின் பின்பக்கத்தில். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களை இங்கிலாந்துக்காரர்களுக்குப் பெயர் இல்லாமல்தான் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தபோது எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் எல்லாம் பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திரமானால் பின்பக்கம், வட்டப் பதக்கமானால் விளிம்பில். எங்கள் அம்மா பக்தியோடு தேய்த்துத் தேய்த்துக் கடைசி மூன்று எண்களை வழித்துவிட்டிருந்தார்.

அதனால் முதலில் உங்கள் அப்பாருவின் நட்சத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். வெயிலில் நேராக வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டு அறையில் செல்போன் டார்ச்சை பக்கவாட்டில், தரையோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், படிக்க வரும். தெரிந்ததை அப்படியே பென்சிலால் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத்து சந்தேகமாக இருந்தால் சந்தேகமாகவே எழுதுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

ரிப்பன் கிழிந்திருக்கிறது என்றீர்கள். நடுவில் அகலமாகச் சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்கு நடுவே ஆரஞ்சுக் கோடு என்று இருந்தால் அது பர்மா ஸ்டார். கிழிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். புதிய ரிப்பன் விலைக்குக் கிடைக்கும், பழையது கிடைக்காது.

காகிதத்துக்கு வருவோம். லேமினேஷன் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டின பிளாஸ்டிக்கை அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது, மை அதோடு போய்விடும். செலோ டேப்பும் வேண்டாம், பத்து வருஷத்தில் மஞ்சள் பட்டையாகக் கடித்துக்கொள்ளும். மடித்த காகிதமானால் மெதுவாகப் பிரித்து, துவைத்துத் துவைத்துக் கஞ்சி போன வெள்ளைப் பருத்தித் துணிக்கு நடுவே தட்டையாக வையுங்கள். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் வந்தாலும் மூன்று வீட்டில் இருக்கும்.

போட்டோவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவராவது உயிரோடு இருந்தால் இந்த வாரமே போங்கள். அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். பெயர்களைப் பின்பக்கத்தில் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரைக்கும் தடம் போடும்.

எண் கிடைத்துவிட்டால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, எந்த ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று கேளுங்கள். சாப்பர் என்றால் பெங்களூர், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். அப்பாருவோடு போய்த் திரும்பாதவர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவர்களைத் தேட வேறு வழி உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசு கேட்க மாட்டார்கள். பர்மாவில் செத்து, கல்லறை என்று ஒன்று இல்லாமல் போனவர்கள் கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர் ரங்கூனுக்கு வெளியே ஒரு நினைவிடத்தில் பொறித்திருக்கிறது. அதில் நம்மவர்கள் ஏராளம். முதலாம் போருக்கு என்றால் சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில் ஒரு நினைவுச்சுவர் இருக்கிறது. ஒரு தந்திரம்: நம் பெயர்களை அன்றைய கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். முத்துசாமியை நாலைந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதித் தேடிப் பாருங்கள். சிலருக்குப் பக்கத்தில் அப்பா பெயரும் ஊரும், 'சேலம்' என்றும் இருக்கும்.

மியூசியத்துக்குக் கொடுப்பது உங்கள் இஷ்டம். கொடுத்தால் எழுத்தில் ரசீது வாங்குங்கள். காட்சிக்கு வைப்பார்களா, கிடங்கில் வைப்பார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் கிடங்குதான், அதில் தப்பில்லை. எது கொடுத்தாலும் அப்பாருவின் கதையை ஒரு பக்கம் எழுதிக் கூடவே கொடுங்கள். கதை இல்லாமல் போனால் அதுவும் 'பதக்கம், இரண்டாம் உலகப்போர்' ஆகிவிடும்.

எங்கள் அப்பாவின் அந்த மூன்று எண்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அவருடைய டிரங்குப் பெட்டியின் மூடியில் இருந்தன. பட்டாளத்துப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் எண்ணும் பெயரும் எழுதியிருக்கும் அல்லவா, அதன் மேல் என் அக்கா கல்யாணத்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, சீர்ப் பெட்டியோடு சேர்த்து வைத்திருந்தோம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். பச்சைக்கு அடியில் மேடு மேடாக ஏழு எண்களும் வந்தன.

*

ஏற்காட்டில் எங்கள் வீட்டில் பெரியவரின் உல்லன் கோட்டு ஒன்று இருக்கிறது. மழைக்காலம் வந்தால் பூஞ்சை பிடிக்கிறது.
எஸ்டேட் ஊழியர், ஏற்காடு

மலையில் இருப்பவர்களுக்கு இது தலைவிதி. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வேர்க்கும். பூஞ்சையை வெயில் நாளில் வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் துலக்குங்கள், முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு. மடிக்காமல் பருத்தித் துணி சுற்றித் தோள் அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள். செருப்புப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். சென்னைக் கோட்டைக் கொடி என்று முன்னால் சொன்னேனே, அதற்கும் அதே சரக்குதான் காவல் என்று கேள்வி.

*

மியூசியத்தில் இருக்கும் பழைய வாள்களில் நம் கஞ்சமலை இரும்பு இருக்குமா?
வாசகர், இளம்பிள்ளை

இந்தக் கேள்விக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். எந்த வாளில் என்று கைகாட்ட முடியாது. அட்டையில் பிடியின் வேலைப்பாட்டை எழுதுவார்கள், இரும்பு எங்கிருந்து வந்தது என்று எழுத மாட்டார்கள். ஆனால் சேலம் சீமையில் உருக்கு செய்தது உண்மை. இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே எருக்க இலை மூடி, மண் குகையில், அதாவது உருக்குவதற்கான மண் கிண்ணத்தில், அடைத்து உலையில் வைப்பார்கள். இதை எழுதி வைத்தவர்களில் ஹீத் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர். சேலத்தில் வேலை பார்த்தவர், வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார், தாது நம் சேலத்திலிருந்து போனது. நஷ்டத்தில் முடிந்தது அந்தத் தொழில்.

வாளைப் பார்க்கும்போது பிடியை விட்டுவிட்டு அலகைப் பாருங்கள். ஓடை நீரில் காற்று பட்டாற்போல மெல்லிய கோடு ஓடினால் அது குகை உருக்கு.

*

சங்ககிரிக் கோட்டை எங்கள் வீட்டு மாடியிலிருந்தே தெரிகிறது. பீரங்கி மியூசியம் பார்க்க நாங்கள் ஏன் வெளியூர் போக வேண்டும்?
வாசகர், சங்ககிரி

நியாயம். ஆனால் கடைசியாக எப்போது மேலே ஏறினீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம். மாடியிலிருந்து பார்ப்பது கணக்கில் வராது!

ஒரு சாப்பரின் கண்ணோடு ஏறிப் பாருங்கள். வாசல்களைக் கவனியுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நேர்கோட்டில் இருக்காது, திரும்பித் திரும்பித்தான் போக வேண்டும். யானையோ ஆள்கூட்டமோ ஓடி வந்து மோத வேகம் எடுக்க முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே இருப்பவனுக்கு உங்கள் முதுகோ விலாவோ தெரியும். நானும் பத்து வருஷம் தடை கட்டினவன், உடைத்தவன். இந்த வேலையைச் செய்தவனுக்கு ஒரு சல்யூட் வைத்தேன். விஜயநகரக் காலத்துக் கோட்டை, பிறகு மைசூர்க்காரர்கள் கைக்கு வந்தது. திப்புவோடு நடந்த 1792 உடன்படிக்கையில் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கம்பெனிக்குப் போயின. 1805-ல் ஆடி 18 அன்று தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இங்கேதான். ஆடிப் பெருக்குக்கு ஆற்றில் முளைப்பாரி விடும் அதே நாள்.

தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். மேலே கோயிலும் உண்டு, தர்காவும் உண்டு. சுவரில் பெயர் எழுதுபவர்களைக் கண்டால் என் சார்பில் திட்டிவிடுங்கள்.

*

என் மகள் பிளஸ் டூ. "போரைப் பெருமைப்படுத்தும் இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்கிறாள். என்ன சொல்வது?
தாய் ஒருவர், ஃபேர்லேண்ட்ஸ்

ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் கேட்பது சரியான கேள்வி. நானும் சில மியூசியத்தில் முகம் சுளித்திருக்கிறேன், வெற்றி தேதிகளை மட்டும் பொன் எழுத்தில் போட்டு வைத்திருப்பார்கள்.

வற்புறுத்தாமல், ஒரு நாள் வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். 1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகையில் தோல் பட்டை, நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு போட்டதில் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்தார்கள். தூக்கத்தில் இருந்த வெள்ளைக்காரச் சோல்ஜர்களைச் சுட்டார்கள். காலையிலேயே ஆற்காட்டிலிருந்து குதிரைப் படை வந்து நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. கவர்னர் பென்டிங்க், தளபதி கிரடாக் இரண்டு பேரையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தலைப்பாகை உத்தரவும் போயிற்று. அந்தக் கோட்டை மைதானத்தில் நின்று, யார் பக்கம் பெருமை என்று அவளே கேட்கட்டும்.

திரும்பி வரும் வழியில் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைக் காட்டுங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊரார் நட்ட கல். கையில் வில் அல்லது கத்தி, உடம்பில் அம்பு பாய்ந்திருக்கும். ராஜா பெயரை வருஷக் கணக்குக்காகச் சொல்லிவிட்டு, செத்தவன் பெயரையும் யாருடைய மாட்டுக்காகச் செத்தான் என்பதையும் எழுதியிருப்பார்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. எருமை மீட்கப் போய்ப் பட்ட ஒருவனுக்கு நட்டது. அவனோடு ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம். நாயின் பெயர் 1,400 வருஷமாக இருக்கிறது, என் டின்காரன் 'மு'வின் பெயர் இல்லை. உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

*

சிறு கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மியூசியத்துக்குள் பிரியாணிப் பொட்டலம் கொண்டு போகலாமா? (வாசகர், அம்மாபேட்டை) வெளியே மரத்தடியில் சாப்பிடுங்கள். எலும்பு விழுந்தால் பூச்சி, பூச்சி வந்தால் பழைய சீருடை போச்சு.

பீரங்கி மேல் உட்கார்ந்து செல்ஃபி? (வாசகர், மேட்டூர்) ஜீன்ஸின் பின்பாக்கெட் ரிவிட்டு கீறும். பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் படைக்காரர்கள் ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்களா? (மாணவி, ராசிபுரம்) பெங்களூர் டார்பிடோ. 1912-ல் மதராஸ் சாப்பர்ஸின் கேப்டன் மெக்லின்டாக் செய்தது. வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடு ஒன்று சொருகி முள்கம்பி வேலிக்கு அடியில் நீளமாகத் தள்ளிவிட்டு வெடிக்க வைப்பது. இரண்டு உலகப்போரிலும் உலகம் முழுக்க அந்தப் பெயரிலேயே ஓடியது. இத்தாலியில் 1944-ல் கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி, இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கிய சுபேதார் சுப்பிரமணியனும் எங்கள் ஆள்தான், காஞ்சிபுரத்துப் பக்கம். பெங்களூர் போனால் கேளுங்கள்.

*

மற்றவர்களுக்கெல்லாம் பெட்டியைப் பத்திரப்படுத்தச் சொல்கிறீர்கள். உங்கள் சொந்த டிரங்குப் பெட்டி எங்கே?
வாசகி, கொண்டப்பநாயக்கன்பட்டி

மாட்டிக்கொண்டேன். பேத்தி ஹாஸ்டலுக்குப் போகும்போது அதைத்தான் எடுத்துப் போனாள். போர்வையும் முறுக்கும் ஊறுகாயும் வைத்திருக்கிறாளாம். மூடியில் அவள் பெயரை எழுத என் எண்ணுக்கு மேல் பெயிண்ட் அடிக்கலாமா என்று போனில் கேட்டாள். பக்கவாட்டில் இடம் இருக்கிறது, அங்கே எழுதிக்கோ கண்ணு என்றேன்.